வகுப்பறையில் முயலா, மட்டன் கடை நுரையீரலா, கேஸ் தாளா? பிராணி ஆசையை அறிவியலாக்க ஐந்து வழிகள்

வடசென்னைப் பள்ளிகளில் எட்டாவது, ஒன்பதாவது வகுப்பில் போய் "யாருக்கு நாய், பூனை, ஆடு பிடிக்கும்?" என்று கேட்டால் முக்கால்வாசிக் கை மேலே போகும். அதே வகுப்பில் "யாருக்கு இயற்பியல் பிடிக்கும்?" என்று கேட்டால் முதல் பெஞ்சில் இரண்டு கை. பிராணிகள் மேல் இருக்கும் இந்த ஆசையை வைத்தே பாடத்தை நடத்தலாமே என்று நினைக்கும் ஆசிரியர்கள் எல்லாரும் முட்டி நிற்கும் இடம் ஒன்றுதான். பள்ளியில் முயல் வளர்க்கலாமா, மீன் தொட்டி வைக்கலாமா, வேப்பேரிக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகலாமா, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கா, அல்லது எதுவும் வேண்டாம், படம் வரைந்து முடித்துவிடலாமா?

கையில் இருப்பது குறைந்த பணம், நாற்பது நிமிட பீரியட், ஐம்பது பிள்ளைகள். இந்த நிலைமைக்குத்தான் இந்த ஒப்பீடு. (கேஸ் தாள் என்பது நோயுற்ற பிராணியின் அறிகுறிகளையும் எண்களையும் எழுதிய பயிற்சித் தாள்.)

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோலை மட்டும் மனதில் வைத்தாலே பாதி முடிவு தானாக வந்துவிடும்: பிள்ளை எதை அளக்கிறது? முயலைத் தடவிக் கொடுப்பது சந்தோஷம். முயலின் மூச்சை நிமிடத்துக்கு எத்தனை என்று காலையிலும் மத்தியானமும் எண்ணி எழுதுவது அறிவியல். எண் எதுவும் நோட்டில் ஏறாத வகுப்பு வேடிக்கையோடு முடிந்துவிடும்.

மற்றவை இவை. எத்தனை பேர் கை வைக்க முடியும் (எட்டிப் பார்ப்பது கணக்கில்லை). அடுத்த வாரம் அதையே திரும்பச் செய்து சரிபார்க்க முடியுமா. பாடப்புத்தகத்தில் எந்த அலகோடு ஒட்டுகிறது. பிள்ளைக்கும் பிராணிக்கும் ஆபத்து உண்டா, சட்டம் இடம் கொடுக்கிறதா. கடைசியாக, ரசீதில் வராத செலவு: விடுமுறையில் யார் தீனி போடுவார்கள், குப்பை எங்கே போகும், எந்தப் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.

## வழி 1: பள்ளியிலேயே உயிருள்ள பிராணி

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். அதிகம் தோற்பதும் இதுதான்.

முயல் பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருப்பதால் பலர் அதை வாங்கிவிடுகிறார்கள். முயலுக்கு 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வெப்பம் தாங்காது, பெரும்பாலும் காது வழியாகவே சூட்டை வெளியேற்றும் பிராணி அது. தகரக் கூரை போட்ட வராந்தாவில் ஏப்ரல் மாதத்தைத் தாண்டுவது கஷ்டம். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் "வீட்டில் இருக்கு சார், கொண்டு வரட்டுமா?" என்று வரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டையும் வளர்ப்பதே குற்றம். வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தாமல் ஏன் என்பதை அன்றைய பாடமாக்கிவிடலாம்.

மீன் தொட்டிக்கு வடசென்னையில் ஒரு வசதி உண்டு. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர் போன கொளத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. 60 × 30 × 30 சென்டிமீட்டர் தொட்டி 54 லிட்டர் பிடிக்கும், பத்து கப்பி மீனுக்கு தாராளம். ஆனால் வாங்கி வந்த அன்றே தண்ணீர் ஊற்றி மீனை விட்டால் முதல் வாரத்திலேயே ஒவ்வொன்றாக மிதக்கும். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கிறது. காற்றுக்குழாய் போட்டு ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அதைவிடப் பெரிய எதிரி அம்மோனியா. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் கிடையாது. அது பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இந்த ஆறு வாரமும்தான் உண்மையான பாடம்: ஒரு அம்மோனியா சோதனைக் கிட் வாங்கி, இரண்டே மீனோடு தொடங்கி, வாரம் இரண்டு முறை அளந்து வரைபடம் போட்டால் நைட்ரஜன் சுழற்சி சுவரில் தொங்கும். ஏறி இறங்கும் அந்தக் கோட்டைப் பார்க்காமல் மீனை மட்டும் பார்க்கிற வகுப்பு தொட்டிக்குக் கொடுத்த காசு வீண்.

அடைகாத்தல் இன்னொன்று. 21 நாள், 37.5 டிகிரி செல்சியஸ், ஒரு நாளைக்கு மூன்று முறைக்குக் குறையாமல் முட்டையைத் திருப்ப வேண்டும், 18-ம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும். ஏழாம் நாள் இருட்டறையில் அட்டையில் ஓட்டை போட்டு மொபைல் டார்ச்சை அடியில் வைத்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி ரத்தக் குழாய்கள் தெரியும். இதைப் பார்த்த பிள்ளை கருவளர்ச்சியை மறக்காது. தவறு நடக்கும் இடங்கள்: பெட்டிக்கடையில் விற்கும் பண்ணை (லேயர்) முட்டையில் சேவல் சேர்க்கையே இல்லாததால் பொரிக்காது, நாட்டுக்கோழி முட்டைதான் வேண்டும். பல்பு வைத்த தெர்மாகோல் பெட்டியில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் மத்தியானம் சூடு ஏறி கரு செத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முட்டையைத் திருப்ப ஆள் வேண்டும். பொரித்த குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும், அவை யார் வீட்டுக்குப் போகின்றன என்பது முட்டை வைக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வளர்க்கக் கொடுத்தவர் தீபாவளிக்குக் குழம்பு வைத்துவிட்டார் என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் அதற்குப் பதில் சொல்வதும் ஆசிரியர் வேலைதான்.

எப்போது சரி: பள்ளியிலேயே காவலர் குடும்பமோ விடுதியோ இருந்தால், அதாவது 365 நாளும் ஓர் ஆள் பெயர் சொல்லிப் பொறுப்பேற்றால். அப்படி ஆள் இல்லையென்றால் மீன் தொட்டியைத் தாண்டிப் போக வேண்டாம்.

## வழி 2: மட்டன் கடையும் காசிமேடும்

அறுப்பு என்றதும் தவளை ஞாபகம் வரும். அந்தக் காலம் முடிந்தது. கல்லூரி விலங்கியல் வகுப்புகளிலேயே விலங்கு அறுப்பை நிறுத்தும்படி பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2014-ல் சொல்லிவிட்டது. இங்கே சொல்வது வேறு: சாப்பாட்டுக்காக ஏற்கெனவே வெட்டப்பட்ட ஆட்டின் உறுப்பு, ஏற்கெனவே கரைக்கு வந்த மீன். வகுப்புக்காக எந்த உயிரும் போகவில்லை.

செலவுக்கு ஏற்ற பலன் என்று பார்த்தால் இந்த வழியை அடிக்க வேறு எதுவும் கிடையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

கடையில் சும்மா "நுரையீரல் குடுங்க" என்றால் குழம்புக்கு என்று நினைத்துத் துண்டு போட்டுவிடுவார்கள். முதல் நாள் சாயங்காலமே போய், "பாய், பள்ளிக்கூடத்துக்கு. மூச்சுக்குழாய், நுரையீரல், நெஞ்சு மூணும் சேர்ந்தே, கத்தி படாம வேணும். நெஞ்சுக்கு மேல நாலு விரல் குழாய விட்டு அறுங்க" என்று சொல்லி வைக்க வேண்டும். ஞாயிறு கூட்டத்தில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், செவ்வாய்க்கிழமை கடை காலியாக இருக்கும். கொக்கியில் மாட்டியபோது ஓட்டை விழுந்த நுரையீரல் ஊதினால் உப்பாது. வாங்கிய உடனே குழாயில் கொஞ்சம் காற்று விட்டு வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழ் வந்தால் மாற்றிக் கேளுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே வகுப்பை முடித்துவிட வேண்டும்.

ஆறு பேருக்கு ஒரு செட் போதும். பணம் இல்லையென்றால் இரண்டு செட் வாங்கி, மேசை மேசையாகப் பிள்ளைகளைச் சுற்ற விடலாம்.

முதலில் மூச்சுக்குழாயைத் தடவச் சொல்லுங்கள். முன்பக்கம் கெட்டி வளையம், பின்பக்கம் மெத்தென்று இருக்கும். வளையம் முழு வட்டமில்லை, பின்னால் உணவுக்குழாய்க்கு இடம் விட்டிருக்கிறது. பிறகு குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே இறங்காமல் கொஞ்சம் மேலேயே தேடச் சொல்லுங்கள். வலது பக்கம் ஒரு தனிக் கிளை பிரிந்து மேல் மடலுக்குப் போகும். மனிதனுக்குப் பொதுவாக இது கிடையாது. பாடப்புத்தகப் படத்தில் இல்லாத ஒன்றைப் பிள்ளையின் விரல் கண்டுபிடிக்கிறது. இந்த வகுப்பின் உச்சம் அதுதான், முன்கூட்டியே சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

அடுத்து, குழாயில் அரை அங்குல டியூப் சொருகி, சணல் கயிற்றால் கட்டி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடிக்கலாம். வாய் வைத்து ஊதவே கூடாது. உறிஞ்சிவிட்டால் கிருமி நேராக உள்ளே போகும். கருஞ்சிவப்பு நுரையீரல் வெளிர் ரோஜா நிறமாகப் பெரிதாகும், டியூபைப் பிடுங்கினால் தானே சுருங்கும். மூச்சை வெளியே விடத் தனி உழைப்பு பெரிதாகத் தேவையில்லை என்பது அங்கேயே புரிந்துவிடும். ஒரு துண்டு நுரையீரல் தண்ணீரில் மிதக்கும், ஒரு துண்டு ஈரல் மூழ்கும். இது ஒன்பதாம் வகுப்புப் பாய்மங்கள் பாடம்.

இதயத்தில் இடது கீழறைச் சுவரையும் வலது கீழறைச் சுவரையும் ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். இடது பக்கம் இரண்டு, மூன்று மடங்கு தடிமன் வரும். ஒவ்வொரு குழுவும் அளந்ததைப் பலகையில் எழுதினால் குழுவுக்கு ஓர் அளவு, ஒரு சராசரி, ஒரு வாக்குவாதம் கிடைக்கும். வலது கீழறையில் ஒரு தசைக் கயிறு குறுக்கே ஓடும், அதையும் காட்டலாம்.

மட்டன் கடையின் இன்னொரு பொக்கிஷம் போட்டி, அதாவது ஆட்டின் வயிறு. சுத்தம் செய்த போட்டியில் துண்டு துண்டாக நாலு விதப் பரப்பு தெரியும்: துண்டுத் துணி மாதிரிச் சொரசொரப்பு, தேன்கூடு, புத்தக ஏடு, வழவழப்பு. நாலறை வயிற்றை இதைவிடச் சுலபமாகச் சொல்லித்தர முடியாது. தலைக்கறிக் கடையில் கீழ்த்தாடை கேட்டு வாங்கி வேகவைத்துச் சுத்தம் செய்தால் ஆண்டுக்கணக்கில் வரும். மேல்தாடையில் முன்பல்லே இல்லாததும், "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்று சந்தையில் வயது சொல்வதும் முயலின் பல் சூத்திரத்தோடு ஒப்பிட ஏற்றவை. பால் பல் விழுந்து முதல் ஜோடி நிரந்தரப் பல் வரும்போது ஆட்டுக்கு ஒன்று, ஒன்றரை வயது. எட்டுப் பல்லும் சேர நாலு வயது ஆகும்.

மீனுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அறுக்கவும் கற்கவும் சங்கரா நல்லது: செதில் பெரிது, காற்றுப்பை தெளிவாகத் தெரியும். பன்னா மீன் தலைக்குள் இருக்கும் காதுக்கல் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பெரிதாகவே இருக்கும். அந்தக் கல்லில் மர வளையம் மாதிரி வளர்ச்சிக் கோடுகள் படிவதால் மீன் ஆராய்ச்சியாளர்கள் வயது கணிப்பதே அதை வைத்துத்தான். கெளுத்தியை மட்டும் கொடுக்காதீர்கள், முள் குத்தினால் அன்றைய வகுப்பு காலி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளி திறந்தவுடன் மீன் வகுப்பு வைத்தால் விலை எகிறியிருக்கும், ஜூலைக்குத் தள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு மூன்று.

கையுறையும் சுத்தமும் ஒன்று. மேசையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைப் பத்து நிமிடம் விட வேண்டும். ரத்தம் ஒட்டியிருக்கும்போதே பிளீச்சிங் ஊற்றினால் அது ரத்தத்தோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமி அப்படியே இருக்கும்.

இரண்டாவது, மிச்சம். "பாவம் சார், வெளியில நாய் நிக்குது, போட்டுடலாமா?" என்று பிராணி பிடித்த பிள்ளைதான் முதலில் கேட்கும். போடக் கூடாது. ஆட்டு நுரையீரலிலும் ஈரலிலும் சில சமயம் வெள்ளையாகத் தண்ணீர்க் கொப்புளம் இருக்கும். அது நாடாப்புழுவின் கூட்டுப்பை. நாய் அதைத் தின்றால் அதன் குடலில் புழு வளர்ந்து, மலத்தில் முட்டை வந்து, கை கழுவாத பிள்ளையின் வயிற்றுக்குள் போய்ச் சேரும். கொப்புளம் தெரிந்தால் கத்தி வைக்காமல் முழுசாகப் பையில் கட்டிவிடுங்கள். இரண்டு பை போட்டுக் கட்டி அன்றைக்கே ஈரக் குப்பையில் சேர்ப்பதுதான் முறை. இந்தக் காரணத்தைப் பலகையில் வட்டமாக வரைந்தால் ஒட்டுண்ணி வாழ்க்கைச் சுழற்சி முடிந்தது.

மூன்றாவது, மறுப்பு. சைவக் குடும்பப் பிள்ளை, விரதம் இருக்கும் பிள்ளை, ரத்தம் பார்த்தால் மயங்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. கட்டாயப்படுத்தாமல் அவர்களுக்குப் பக்கத்து மேசையில் பால் வகுப்பு வைக்கலாம், அது எந்த விதத்திலும் இளப்பமில்லை. ஆவின் நீலம், பச்சை, ஆரஞ்சு பாக்கெட்டுகளில் கொழுப்பு முறையே 3, 4.5, 6 சதவீதம். லேக்டோமீட்டர் ஒன்று போதும். பாலின் அடர்த்தி எண் 1.028-லிருந்து 1.032 வரை. தண்ணீர் கலந்தால் குறையும். ஆடையை எடுத்துவிட்டால் ஏறும், ஏனென்றால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆடையையும் எடுத்து, தண்ணீரையும் ஊற்றினால் அளவு பழைய இடத்துக்கே வந்து நிற்கும்! பழைய பால்காரர் தந்திரம் இது. ஒரே அளவி ஏன் போதாது என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரும்.

எப்போது சரி: உறுப்பு மண்டலம், சுற்றோட்டம், அடர்த்தி நடத்தும் வாரங்களில். ஐம்பது பேர் வகுப்புக்கும் தாங்கும். ஆய்வகத்தில் குழாய்த் தண்ணீர் வராத பள்ளிக்கு மட்டும் சரிப்படாது.

## வழி 3: கேஸ் தாள்

கால்நடை மருத்துவரிடம் வரும் நோயாளி வாய் திறந்து சொல்லாது. அறிகுறி, எண், பரிசோதனை இவற்றை வைத்தே முடிவுக்கு வர வேண்டும். அந்த வேலையையே காகிதத்தில் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் இந்த முறை. உயிருள்ள பிராணியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம், ஜெராக்ஸ் செலவு மட்டும்.

ஒரு தாள் எப்படி இருக்கும்?

*முதல் துண்டு.* பெட்டை ஆடு, நாலு பல். நேற்று ராத்திரி கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறு ஒரு பெரிய குண்டான் வைத்தார்கள், முழுசும் தின்றது. காலையிலிருந்து அசை போடவில்லை, பல்லைக் கடிக்கிறது, எழுந்திருக்கத் தள்ளாடுகிறது.

*இரண்டாம் துண்டு.* உடல் வெப்பம் 101 டிகிரி ஃபாரன்ஹீட். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 130. இடது விலாவுக்குப் பின்னால் கை வைத்தால் வயிறு அசையவே இல்லை, தளும்பும் சத்தம் மட்டும். கண் உள்ளே போயிருக்கிறது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது.

*மூன்றாம் துண்டு.* வயிற்று நீரில் பிஎச் 5.

சரிபார்க்கும் அட்டை தனியாக: ஆட்டுக்கு இயல்பான வெப்பம் 101.5 முதல் 103.5 ஃபாரன்ஹீட், நாடி 70 முதல் 90, பெருவயிறு நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு முறை அசையும், அங்கே பிஎச் 6-லிருந்து 7.

இந்த ஒரு ஆட்டுக்குள் மூன்று பாடம் இருக்கிறது. சோற்று மாவுச்சத்தைப் பாக்டீரியா வேகமாகப் புளிக்க வைத்து லாக்டிக் அமிலமாக்குகிறது, இது வேதியியலும் நுண்ணுயிரியலும். வயிற்றில் கரைபொருள் செறிவு ஏறியதால் ரத்தத்திலிருந்து தண்ணீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, இது சவ்வூடு பரவல். வயிறு தளும்புவதற்கும் கண் குழிந்ததற்கும் காரணம் ஒன்றே என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்போது வகுப்பு ஒரு நொடி அமைதியாகும். மருத்துவர் ஏன் சோடா உப்பைக் கையில் எடுக்கிறார் என்பதை அமிலம், காரம் படித்தவர்களே சொல்லிவிடுவார்கள். கூடவே பால், மோர், புளித்த மாவு மூன்றிலும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் எண்ணும் கைக்கு வந்துவிடும்.

நேரப் பங்கீடு: முதல் துண்டுக்குப் பத்து நிமிடம், மற்ற இரண்டுக்கும் பதினைந்து பதினைந்து. விதி ஒன்றே ஒன்று: "என்ன நோய்?" என்று கேட்கக் கூடாது, "அடுத்து எந்த எண்ணைக் கேட்பாய், ஏன்?" என்று மட்டும் கேட்க வேண்டும். ஒரு குழுவுக்கு மூன்று பரிசோதனைதான் அனுமதி. இதைக் கட்டுப்படுத்தாவிட்டால் எல்லாப் பரிசோதனையையும் கேட்டு, மூன்றாம் துண்டுக்கு ஓடிவிடுவார்கள். ஆசிரியர் பொறுக்க முடியாமல் விடையைச் சொல்லிவிடுவது அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு.

வேறு தாள்களுக்குச் சில கரு:

பூனைக்குப் பாராசிட்டமால். மனிதக் கல்லீரல் அந்த மருந்தை ஒரு நொதியால் கட்டி வெளியேற்றும். பூனைக்கு அந்த நொதி போதாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து ஈறு பழுப்பாகும். "ஒரே மருந்து, ஏன் இரண்டு விளைவு?" என்பது கேள்வி.

பிணந்தின்னிக் கழுகும் வலிமருந்தும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004-ல் நிறுவப்பட்டது. கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா 2006-ல் தடை செய்தது. உணவுச் சங்கிலிக்கு இதைவிட நல்ல தாள் கிடையாது.

எண்ணூர்க் கூழைக்கடா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது கூழைக்கடாக்களின் இறகில் ஒட்டியது. எண்ணெய் பட்ட பறவை எதனால் சாகிறது என்பது கேள்வி. கழுவிக் காய வைத்த கோழி இறகு இரண்டு எடுத்து, ஒன்றில் மட்டும் சமையல் எண்ணெய் தடவி, இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுத்தமான இறகில் முத்தாக உருளும், மற்றதில் இறகுக் கிளைகள் ஒட்டிப் பிளந்து தண்ணீர் உள்ளே இறங்கும். பிறகு வெறும் தண்ணீரிலும், பாத்திரம் துலக்கும் திரவத்திலும் கழுவிப் பார்த்தால் சோப்பு மூலக்கூறின் இரு முனைகளும் படம் இல்லாமலே புரியும். எண்ணூர், திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கு இது செய்தித்தாள் விஷயம் இல்லை, வாசலில் நடந்தது.

கணக்குக்கு: நாடாவால் மார்புச் சுற்றளவும் உடல் நீளமும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 போட்டால் ஆட்டின் எடை ஏறக்குறைய கிலோவில் வரும். 28, 26 என்றால் 31 கிலோ. கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் குடற்புழு மருந்து, மருந்தில் மில்லிலிட்டருக்கு 25 மில்லிகிராம் என்றால் எத்தனை மி.லி.? ஒன்பதுக்குச் சற்று மேல். இது கணக்கு மட்டும்தான், வீட்டு ஆட்டுக்கு ஊற்றுவதற்கு இல்லை என்று தாளின் மேலேயே எழுதிவிடுங்கள், ஏனென்றால் நிஜமாகவே ஊற்றுவார்கள்.

மறைந்திருக்கும் செலவு ஆசிரியரின் நேரம். முதல் தாள் எழுத மூன்று, நாலு மணி நேரம் போகும், எண்கள் சரிதானா என்று ஒருவர் பார்க்கவும் வேண்டும். பக்கத்து அரசுக் கால்நடை மருந்தகத்தில் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் போய் மரியாதையாகக் கேட்டால் பார்த்துத் தருவார்கள். ஒருமுறை எழுதிய தாள் பத்து வருடம் ஓடும்.

எப்போது சரி: எப்போதும். தனியாகப் பயன்படுத்தினால் மூன்றாவது தாளில் சலிப்பு தட்டும், வழி 2-ஓடு சேர்த்தால் தட்டாது.

## வழி 4: தெருவே ஆய்வகம்

தொடாமல் எண்ணுவது. படுத்திருக்கும் ஆட்டின் விலா ஏறி இறங்குவதை மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒரு நிமிடம் எண்ணலாம். நிழலில் படுத்த நாயின் மூச்சைக் காலை எட்டு மணிக்கும் மத்தியானம் ஒரு மணிக்கும் எண்ணினால் வித்தியாசம் பல மடங்கு இருக்கும். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கில் ஆவியாதல்தான் அதன் ஏசி. வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதி வரைபடம் போட்டால் வெப்பப் பாடமும் உயிரியலும் ஒரே தாளில்.

செலவு பூஜ்யம், ஆபத்து பூஜ்யம் இல்லை. தீனி போடக் கூடாது, குட்டி போட்ட நாய் இருக்கும் பக்கமே போகக் கூடாது, கண்ணுக்குள் முறைக்கக் கூடாது, ஓடக் கூடாது. தப்பித்தவறி நகம் கீறினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு. தோலில் போடும் வெறிநாய்த் தடுப்பூசி 0, 3, 7, 28-ம் நாட்களில். மூன்றாவதோடு நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு, வகுப்புக் காலண்டரில் குறித்து வையுங்கள். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

ஆறாம், ஏழாம் வகுப்புக்கு நாயை விட்டுவிட்டுக் காக்கையையும் புறாவையும் கொடுங்கள். பத்து நிமிடம், ஒவ்வொரு நிமிடமும் "என்ன செய்கிறது" என்று ஒரு எழுத்து. அது போதும்.

## வழி 5: கூட்டிப் போவது

வண்டலூர் அழகுதான். ஆனால் திருவொற்றியூரிலிருந்து போக வர நாளின் பெரும்பகுதி பஸ்ஸிலேயே கழியும், செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பது தெரியாமல் கிளம்பினால் முழு நாளும். அறிவியலுக்காகப் போவதென்றால் வேப்பேரி, மாதவரம் பக்கம் பார்ப்பது நல்லது. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில், 1989-ல் உருவான கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் மாதவரம் பால்பண்ணையில். தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் சில வாரம் முன்பே போக வேண்டும், சம்மதம் எழுத்தில் வந்த பிறகுதான் பஸ் பேச வேண்டும்.

ஐம்பது பேர் ஒரே கூட்டமாக நின்றால் முன்னால் இருக்கும் பத்துப் பேர் பார்ப்பார்கள், மற்றவர்கள் அவர்கள் முதுகைப் பார்ப்பார்கள். பத்து, பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு கேள்வி கொடுங்கள்: "எக்ஸ்ரேயில் எலும்பு ஏன் வெள்ளை?", "வெப்பமானியை எங்கே வைத்தார்கள், ஏன்?"

படிப்பைப் பற்றிப் பேச இதுதான் நல்ல இடம். கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பி.வி.எஸ்சி. ஐந்தரை ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு பயிற்சி. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு +2 மதிப்பெண்தான் கணக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இது தெரியாமலே பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் இல்லாத குரூப்பை எடுத்துவிட்டவர்கள் நிறைய.

எப்போது சரி: பத்து, பதினொன்றாம் வகுப்புக்கு, கேஸ் தாள் மூன்று நாலு முடித்த பிறகு. முன்னால் போனால் சுற்றுலா.

## ஒரே பார்வையில்

| வழி | அளப்பது | கை வைப்போர் | திரும்பச் செய்யலாமா | ரசீதில் வராத செலவு |
|---|---|---|---|---|
| பள்ளியில் பிராணி | அம்மோனியா, வெப்பம், நாள் | நாலைந்து பேர் | தினமும் | விடுமுறை, மின்தடை, சாவு |
| கடை உறுப்பு, மீன், பால் | சுவர்த் தடிமன், அடர்த்தி, பல் | எல்லாரும் | காசு இருந்தால் | சுத்தம், மிச்சம், மறுப்பு |
| கேஸ் தாள் | நாடி, பிஎச், அளவுக் கணக்கு | எல்லாரும் | எத்தனை முறையும் | ஆசிரியர் நேரம் |
| தெரு | மூச்சு, நடத்தை | எல்லாரும், தொடாமல் | தினமும் | கடி ஆபத்து, மேற்பார்வை |
| பயணம் | கேள்வி கொடுத்தால் மட்டும் | யாருமில்லை | ஆண்டுக்கு ஒன்று | பஸ், ஒரு முழு நாள் |

## உங்கள் நிலைமைக்கு எது

ஐம்பது, அறுபது பேர், ஒரே ஆசிரியர், தண்ணீர் வசதி உண்டு என்றால் மாதம் ஒரு கேஸ் தாள், பருவத்துக்கு ஒரு கடை உறுப்பு வகுப்பு. தண்ணீரே இல்லையென்றால் கேஸ் தாளும் பாலும்.

இருபது பேர் கொண்ட அறிவியல் மன்றம் என்றால் தெரு வழி ஏற்றது. மூச்சு எண்ணிக்கையை ஜனவரியிலும் ஏப்ரலிலும் எடுத்து ஒப்பிட்டால் அறிவியல் கண்காட்சிக்குத் தயாரான ஆய்வு அது.

சைவப் பிள்ளைகள் பெரும்பான்மை என்றால் பாலும் அடைகாத்தலும், குஞ்சுக்கு வீடு உறுதியானால் மட்டும்.

"எங்களுக்கு ஒரு முயலாவது வேணும்" என்று பிள்ளைகள் விடாமல் கேட்டால், முயல் வைப்பதற்கான செலவு, வெப்பம், விடுமுறை, பொறுப்பாளர் எல்லாவற்றையும் அவர்களே எண்ணோடு எழுதி ஒரு திட்டம் தரட்டும். பெரும்பாலும் இரண்டாம் பக்கத்திலேயே அவர்கள் மீன் தொட்டிக்கு வந்துவிடுவார்கள்.

காலண்டரை ஜூலையில் மீன், ஆகஸ்டில் ஆட்டு உறுப்பு, செப்டம்பரில் பால் என்று போடுங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை எதையும் உறுதியாக வைக்காதீர்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது காலை ஏழு மணிக்கு விடுமுறை அறிவிப்பு வரும், ஐஸ் பெட்டியில் நுரையீரல் காத்திருக்காது. அந்த மாதங்களுக்குக் கேஸ் தாள் நான்கை முன்கூட்டியே ஜெராக்ஸ் எடுத்து மேசை இழுப்பறையில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.